தாய்ப்பாலைச் சூடு பண்ணுவது: பத்து நொடியில் அப்படி என்ன ஆகிவிடும்?

"பம்ப் பண்ணி ஃப்ரிட்ஜில் வைத்த தாய்ப்பாலை மைக்ரோவேவில் பத்தே நொடி வைத்துக் கொடுக்கிறேன். மூணு மாசமா இதுதான். குழந்தை நன்றாகத்தான் இருக்கிறது. ராத்திரி ரெண்டு மணிக்கு அது வீறிட்டு அழும்போது யார் வெந்நீர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது? பத்து நொடியில் குடியா முழுகிவிடும்?"

ஜனவரி 9, இரவு 2.50

குடி முழுகாது. வாய் வெந்துபோகலாம்.

நானும் ஒரு தடவை வைத்தேன். பன்னிரண்டு நொடி. மனைவிக்கு வாரத்தில் மூன்று நாள் நைட் ஷிப்ட். வீட்டில் நானும் பத்து வாரப் பெண்ணும். வெளியே எடுத்ததும் பாட்டிலைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்றுதான் இருந்தது. மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டேன், வெதுவெதுப்பு. சரி என்று தூக்கிக்கொண்டு நடந்தவன், என்ன தோன்றியதோ, வாசற்படியில் நின்று இன்னும் ரெண்டு சொட்டு விட்டேன். கையை உதறிவிட்டேன். அதே பாட்டில், அதே பால். ஒரு சொட்டு பச்சைத்தண்ணீர் மாதிரி, அடுத்தது சுரீரென்று.

மைக்ரோவேவ் பாலின் உள்ளேயே சூட்டைக் கிளப்புகிறது, அதுவும் திட்டுத்திட்டாக. பாட்டில் அவ்வளவாகச் சூடாவதில்லை. அதனால் கை ஏமாந்துபோகும். மூன்று மாதம் ஒன்றும் ஆகவில்லை என்றால், மூன்று மாதமும் அந்தச் சுரீர் சொட்டு குழந்தையின் வாய்க்குப் போகவில்லை என்று மட்டும்தான் அர்த்தம்.

அந்த 90 மி.லி.யைத் தொட்டியில் ஊற்றினேன். வெறும் பாலாக இருந்தால் கவலையில்லை. மனைவி விடியற்காலையில் கண்ணை மூடிக்கொண்டு இருபது நிமிடம் அந்த 'கர்ர்... கர்ர்' சத்தத்தோடு உட்கார்ந்து எடுத்தது.

இப்போது செய்வது: அடுப்பில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, இறக்கி, அதில் பாட்டிலை ரெண்டு மூணு நிமிடம் நிறுத்திவைப்பது. அவ்வளவுதான்.

ஜனவரி 9, காலை 7.15

தூக்கக் கலக்கத்தில் எழுதியது. ஒன்று விட்டுப்போனது: மைக்ரோவேவில் வைத்தே தீருவேன் என்பவர்கள் நன்றாகக் கலக்கிவிட்டால் திட்டுச் சூடு போய்விடுமே என்று கேட்கலாம். ஓரளவு போகும். ஆனால் சூடு மட்டும் பிரச்சினை இல்லை. 1992இல் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் வந்த ஒரு ஆய்வில், உறையவைத்த தாய்ப்பால் மாதிரிகளை மைக்ரோவேவில் வைத்துப் பார்த்தார்கள். 72 முதல் 98 டிகிரி வரை போன பாலில் நோய் எதிர்க்கும் பொருள்கள் பலமாக அடிபட்டிருந்தன, 98 டிகிரியைத் தொட்ட பாலில் ஈ.கோலை கிருமி சாதாரணத் தாய்ப்பாலில் வளர்வதைப் போல 18 மடங்கு வளர்ந்தது. 20 முதல் 25 டிகிரிக்குள் நிறுத்திய பாலிலும் 5 மடங்கு. கிருமியை அவர்களே சேர்த்துப் பார்த்த ஆய்வகச் சோதனை அது, அந்தப் பாலைக் குடித்த குழந்தைகளுக்கு நோய் வந்தது என்று அதற்குப் பொருள் இல்லை. இருந்தாலும் கிருமியோடு மல்லுக்கட்டும் சரக்கு அந்தப் பாலில் குறைந்துவிடுகிறது என்பது தெரிகிறது. அந்தச் சரக்குக்காகத்தானே இத்தனை பாடு.

ஜனவரி 12

மேலே "கொதிக்கவிட்டு இறக்கி" என்று எழுதியிருக்கிறேனே, அதைச் செய்யாதீர்கள். தப்பு.

சமையல் தெர்மாமீட்டர் ஒன்று கையில் கிடைத்தது. கொதித்து இறக்கிய நீரில் பாட்டிலை வைத்தேன். ரெண்டு நிமிடம் என்று நினைத்துக்கொண்டு டயாப்பர் மாற்றப் போனவன் திரும்பி வர நாலு நிமிடம் ஆகியிருந்தது. பாலைச் சுழற்றிவிட்டு அளந்தால் 51 டிகிரி. அம்மாவின் உடம்பிலிருந்து வரும்போது அது 37. மைக்ரோவேவைத் திட்டிவிட்டு நான் அடுப்பில் அதே காரியத்தை மெதுவாகச் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

ஜனவரி 12, இரவு

தெர்மாமீட்டர் வந்ததும் பைத்தியம் பிடித்துவிட்டது. பள்ளிக்கூடக் கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தேன். பாலும் ஏறக்குறைய தண்ணீர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரிட்ஜ் பால் 100 மி.லி., 4 டிகிரி.

300 மி.லி. தண்ணீர், 45 டிகிரி: ரெண்டும் ஒன்றோடொன்று சமமாகும்போது கிட்டத்தட்ட 35.
அதே 45 டிகிரி, ஆனால் சின்ன கப், 150 மி.லி. தண்ணீர்: 29கூட வராது.
300 மி.லி. கொதிநீர்: 76.

காற்றில் போகும் சூட்டையும் பாத்திரம் குடிக்கும் சூட்டையும் விட்டுவிட்டேன், நிஜத்தில் எல்லாமே கொஞ்சம் குறையும். ஆனாலும் மூன்றாவது வரியைப் பாருங்கள். பால் வங்கிகளில் தானப்பாலில் கிருமி கொல்ல 62.5 டிகிரியில் 30 நிமிடம் வைப்பார்கள். கொதிநீரில் பாட்டிலை வைத்துவிட்டு நான் சோபாவில் கண்ணயர்ந்தால் அதையும் தாண்டிவிடும் போலிருக்கிறது. 45 டிகிரி நீரில் வைத்துவிட்டு விடியும்வரை தூங்கினாலும் பால் 45ஐத் தாண்ட வழியே இல்லை. (விடியும்வரை வைத்த பாலைக் கொட்டத்தான் வேண்டும், அது வேறு கதை.)

எனக்கு வேண்டியது வேகமான வழி இல்லை. நான் மறந்தாலும் கெடுக்காத வழி. ராத்திரி ரெண்டு மணிக்கு நான் எப்படிப்பட்ட ஆள் என்று எனக்குத் தெரியும்.

ஜனவரி 15

"அப்படியும் பால் சூடே ஆகலை, பத்து நிமிஷம் ஆச்சு" என்று கேட்டவருக்கு: கப் சின்னதாக இருக்கும், மேலே இரண்டாவது வரி. பெரிய மக் எடுங்கள், அல்லது பாதியில் தண்ணீரை மாற்றுங்கள். நான் ஐந்தாறு நிமிடத்தில் ஒரு தடவை மாற்றுகிறேன். பன்னிரண்டு நிமிடத்தில் 36 வந்துவிடுகிறது. தண்ணீர் 45தானா என்று அளக்க வேண்டாம். கையை உள்ளே விட்டால் சுகமாக இருக்க வேண்டும், "ஸ்ஸ்" என்று இழுக்கத் தோன்றக் கூடாது.

பன்னிரண்டு நிமிடம் குழந்தை அழுமே? அழும். அதனால் அழுவதற்கு முன்னால். என் பெண் முதலில் தலையை இடதும் வலதுமாக ஆட்டுவாள், பிறகு கையை வாய்க்குள் திணிப்பாள், அப்புறம்தான் சைரன். தலையாட்டலிலேயே மக்கை எடுத்துவிடுகிறேன்.

ஜனவரி 16

90 மி.லி. வைத்தேன். எடுக்கும்போது பாட்டிலில் கோடு 105 காட்டியது.

அட்சய பாத்திரம் எதுவும் இல்லை. பாட்டில் சாய்ந்து மூடி விளிம்பு தண்ணீருக்குள் போயிருக்கிறது, அந்த வழியாக உள்ளே கசிந்துவிட்டது. மனைவியிடம் சொன்னேன். "பெருகியிருக்குன்னு சந்தோஷப்படாம கீழே ஊத்திடுங்க" என்றாள். தண்ணீர் மட்டம் மூடிக்குக் கீழேயே இருக்கட்டும். பையில் வைத்த பாலானால் பையை அப்படியே முக்காமல் சுத்தமான கிண்ணத்துக்குள் வைத்து, கிண்ணத்தைத் தண்ணீரில் வைக்கலாம். பைகளின் ஒட்டுப்போட்ட ஓரம் எப்போது பிரியும் என்று சொல்ல முடியாது.

ஜனவரி 21

மணிக்கட்டுச் சோதனை பற்றி. கொடுக்கும் முன் சுழற்றிவிட்டு, பிறகு சொட்டு. இந்த வரிசை முக்கியம். முதல் நாள் நான் சுழற்றாமலே சொட்டு விட்டதால்தான் முதல் சொட்டு என்னை ஏமாற்றியது. சொட்டு விழுந்த இடத்தில் சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது. ஈரம் மட்டும் தெரிந்தால் சரியான பதம். பாத்திரம் கழுவிய கையோடு சோதிக்காதீர்கள், வெந்நீரில் ஊறிய தோலுக்கு எல்லாமே குளிராகத் தெரியும். அனுபவம்.

சுழற்றுவதா குலுக்குவதா என்று ஒரு பெரிய சண்டை உண்டு. ஃப்ரிட்ஜில் வைத்த பாலில் கொழுப்பு மேலே ஏடு மாதிரி ஒதுங்கி நிற்கும், கெட்டுப்போனதில்லை. அதைக் கலக்கத்தான் சுழற்றுவது. குலுக்கினால் புரதம் உடைந்துவிடும் என்று நானும் நாலு பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். கையால் குலுக்குவதில் பால் பாழாகும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. குலுக்கினால் நுரை வரும், நுரையோடு காற்றையும் விழுங்கும். அதற்காகச் சுழற்றுகிறேன். பாடம் கேட்ட நாலு பேரும் மன்னிக்கவும்.

ஜனவரி 22

பாட்டிலைச் சூடாக்கும் வார்மர் வாங்கலாமா: வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ரெண்டு விஷயம். நீராவியில் சூடாக்கும் வகையில் ஒரு நிமிடம் கூடினாலும் பால் எகிறிவிடும், முதல் வாரம் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து உங்கள் பாட்டிலுக்கு எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். 'சூடாகவே வைத்திரு' பொத்தானை மறந்துவிடுங்கள். வெதுவெதுப்பில் மணிக்கணக்காக இருக்கும் பால் கிருமிக்கு விருந்து. சூடு பண்ணிய பாலை ஃப்ளாஸ்க்கில் ஊற்றிவைப்பதும் இதே தப்புதான். ஃப்ளாஸ்க்கில் வெந்நீரை எடுத்துப்போங்கள், பாலைக் குளிராக எடுத்துப்போங்கள், தேவைப்படும் இடத்தில் சேர்த்துவையுங்கள்.

ஜனவரி 30

நேரக் கணக்கு கேட்டவர்களுக்கு, என் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருப்பது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி சொல்வது, நிறைமாதத்தில் பிறந்த, ஆரோக்கியமான குழந்தைக்கு. புதிதாக எடுத்த பால், 25 டிகிரிக்குள் இருக்கும் அறையில் 4 மணி நேரம். ஃப்ரிட்ஜில் 4 நாள். ஃப்ரீசரில் 6 மாதம் உத்தமம், 12 மாதம் வரை பரவாயில்லை. ஃப்ரீசரிலிருந்து எடுத்தது ஃப்ரிட்ஜில் 24 மணி நேரம். சூடு பண்ணியது, அல்லது உருகி அறைச்சூட்டுக்கு வந்தது, 2 மணி நேரம். குழந்தை வாய்வைத்து மிச்சம் விட்டதும், குடித்து முடித்ததிலிருந்து 2 மணி நேரத்துக்குள். உருகியதைத் திரும்ப உறையவைக்கக் கூடாது.

அறை 25ஐத் தாண்டினால் நான் 4 மணி நேரம் எல்லாம் பார்ப்பதில்லை, எடுத்த கையோடு ஃப்ரிட்ஜ். கதவுத் தட்டில் வைக்காதீர்கள். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அங்கேதான் முதலில் சூடு ஏறும். பின்பக்கமாகத் தள்ளி வையுங்கள்.

ஜனவரி 31

மேலே ஒரு திருத்தம், என் மனைவி பிடித்தது. 24 மணி நேரம் என்பது ஃப்ரீசரிலிருந்து எடுத்த நிமிடத்திலிருந்து இல்லை, முழுக்க உருகி முடிந்த நேரத்திலிருந்து. நான் ராத்திரி எடுத்துவைத்ததை மறுநாள் ராத்திரி "டைம் ஆச்சு" என்று கொட்டிக்கொண்டிருந்தேன். எத்தனை பை என்று சொல்ல மாட்டேன். அவளும் இதைப் படிக்கிறாள்.

பிப்ரவரி 3

பை வாசம். இதைத் தனியாக எழுத வேண்டும்.

ஃப்ரீசரில் முப்பது பைக்கு மேல் சேர்த்திருந்தோம். தட்டையாகப் படுக்கவைத்து, ஒவ்வொன்றிலும் 60 மி.லி., உறைந்தால் பருக்கும் என்று மேலே கொஞ்சம் இடம் விட்டு, தேதி எழுதி. (தட்டையாக உறையவைத்தது சீக்கிரம் உருகும்.) பெருமையாக ஒன்றை எடுத்து ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் உருகவிட்டு, மக்கில் சூடு பண்ணி, பதம் பார்த்துக் கொடுத்தேன். ஒரு வாய் இழுத்தாள். முகத்தைச் சுளித்து நாக்கால் நிப்பிளை வெளியே தள்ளினாள். முகர்ந்தால் சோப்பு வாசனை.

பாட்டிலைச் சரியாகக் கழுவவில்லை என்று முடிவுகட்டினேன். மூன்று தடவை கழுவினேன். அடுத்த பை, அதே சோப்பு. பாத்திரம் தேய்க்கும் திரவத்தை மாற்றினேன். அதே சோப்பு. கடைசியில், எதிலுமே ஊற்றாமல் பையின் வாயைப் பிரித்து நேரடியாக முகர்ந்தேன். பாலேதான்.

தாய்ப்பாலில் லைப்பேஸ் என்ற நொதி இருக்கிறது, கொழுப்பை உடைத்துக் குழந்தைக்குச் செரிக்க உதவுவது. குளிரிலும் அது சும்மா இருப்பதில்லை, மெதுவாக உடைத்துக்கொண்டே இருக்கும். உடைந்து வரும் கொழுப்பு அமிலங்களின் வாசனைதான் அந்தச் சோப்பு. சிலர் பாலில் சீக்கிரமே தெரியும். குடித்தால் கெடுதல் இல்லை. பல குழந்தைகள் கண்டுகொள்வதும் இல்லை. எங்கள் மகாராணி கண்டுகொண்டாள்.

பிப்ரவரி 5

அந்த முப்பது பையை என்ன செய்வது? வந்த வாசனையைத் திரும்பப் போக்க வழியில்லை. புதுப்பாலோடு கலந்து கொடுக்கிறோம். ஒரு பங்கு பழசு, மூன்று பங்கு புதுசு என்றால் ஏமாந்துபோய்க் குடிக்கிறாள். கலக்கும்போது புதுப்பாலையும் குளிரவைத்துத்தான் கலக்க வேண்டும்; உடம்புச் சூட்டோடு குளிர்ந்த பாலில் ஊற்றக் கூடாது.

இனி சேர்ப்பதற்கு: எடுத்த பாலை உறையவைக்கும் முன் 82 டிகிரி வாக்கில் காய்ச்சி, உடனே ஐஸ் தண்ணீரில் பாத்திரத்தை வைத்துக் குளிரவைத்தால் லைப்பேஸ் அடங்கிவிடும். ஓரத்தில் பொடிப்பொடியாகக் குமிழி கட்டும், பொங்கியிருக்காது, அந்தப் பதம்.

சிரிக்காதீர்கள். ஜனவரி முழுக்க 45க்கு மேல் போகாதே என்று கத்திவிட்டு இப்போது 82 என்கிறேன். எதிர்ப்புச் சக்தியில் ஒரு நல்ல பங்கு இதில் போகத்தான் செய்யும். அதனால் குழந்தை மறுத்தால் மட்டும், உறையவைக்கும் பாலுக்கு மட்டும். ஃப்ரிட்ஜ் பாலுக்கு வேண்டாம். நாங்கள் செய்த மடத்தனத்தைச் செய்யாமல், முப்பது சேர்க்கும் முன் ஒரே ஒரு பையை உறையவைத்து ஒரு வாரம் கழித்து முகர்ந்து பாருங்கள்.

பிப்ரவரி 11

முதல் தடவை காய்ச்சினோம். மனைவி கரண்டியோடு, நான் தெர்மாமீட்டரோடு. அத்தை சமையலறை வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நேரா குடிக்கிறப்போ யாரு மாப்பிள்ளை தெர்மாமீட்டர் வெச்சுப் பாக்குறா?"

பதில் இல்லை.

பிப்ரவரி 19

குறைமாதக் குழந்தை பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். நான் எழுதிய மணிக்கணக்கு எதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். குறைமாதத்தில் பிறந்ததோ உடம்பு சரியில்லாததோ ஆனால் விதிகள் இன்னும் இறுக்கம், குழந்தையைப் பார்க்கும் மருத்துவமனைப் பிரிவு சொல்வதுதான் கணக்கு.

மார்ச் 2

20 மி.லி. குடித்துவிட்டுத் தூங்கிவிட்டாள், மீதி 70ஐத் திரும்பச் சூடு பண்ணலாமா? குடித்து 2 மணி நேரத்துக்குள் எழுந்தால் அப்படியே கொடுக்கிறேன், சூடு பண்ணாமல். திரும்ப ஃப்ரிட்ஜ், திரும்ப மக் என்று ஆட்டம் காட்டுவதில்லை. எச்சிலோடு கிருமி உள்ளே போயிருக்கும், அதற்கு மறுபடி வெதுவெதுப்பு தேவையில்லை. முதலிலேயே 60 வைத்துக்கொண்டு, கேட்டால் இன்னொரு 30. கொட்டும் பால் பாதியாகக் குறைந்தது.

ஏப்ரல் 14

இதை எழுதலாமா என்று ரெண்டு நாள் யோசித்தேன்.

பயணம். ஐஸ் பையில் ரெண்டு பாட்டில், ஃப்ளாஸ்க்கில் வெந்நீர், மக், துண்டு, ஒரு சமையலறையே மடியில். வண்டி குலுங்கியதில் ஃப்ளாஸ்க் மூடி கழன்று வெந்நீர் முழுவதும் தரையில். யார் மேலும் படவில்லை. அவள் தலையாட்ட ஆரம்பித்துவிட்டாள். நான் பாட்டிலைச் சட்டைக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டு சூடேறக் காத்திருந்தேன். மனைவி என்னைப் பார்த்தாள், பாட்டிலைப் பிடுங்கினாள், சுழற்றினாள், கொடுத்துவிட்டாள். ஐஸ் குளிரோடு.

மகள் ஒரு கணம் தயங்கினாள். புருவத்தைத் தூக்கினாள். பிறகு கடகடவென்று கடைசிச் சொட்டுவரை.

நிறைமாதக் குழந்தைக்குப் பாலைச் சூடு பண்ணித்தான் கொடுக்க வேண்டும் என்று இல்லவே இல்லை. குளிராகவும் கொடுக்கலாம், அறைச்சூட்டிலும் கொடுக்கலாம். சிடிசியும் அதையேதான் சொல்கிறது, நான் நேரக் கணக்கு எடுத்த அதே பக்கத்தில். ஜனவரியில் அந்த வரியைத் தாண்டித்தான் கீழே போயிருக்கிறேன். சூடு பழக்கத்துக்கும் சுகத்துக்கும். பழக்கியது நான்.

ஏப்ரல் 15

"அப்போ இத்தனை நாள் எழுதினது வீணா?" வீணில்லை. சில குழந்தைகள் குளிரைத் தொடவே மாட்டார்கள், என் அக்கா பையன் அப்படி. ஏடு கலப்பதும் வெதுவெதுப்பில் சுலபம், குளிரில் அது பாட்டில் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். ஆனால் மைக்ரோவேவ் பத்து நொடி கேட்டவருக்கு நான் ஜனவரி 9 அன்றே சொல்லியிருக்க வேண்டிய பதில் வேறு: அவ்வளவு அவசரமா, அப்படியே கொடுத்துப் பாருங்கள். பத்து நொடிகூட வேண்டாம்.

ஆகஸ்ட் 20

ஒன்பது மாதம் முடிந்துவிட்டது. பாட்டிலைத் தானே பிடித்துக்கொள்கிறாள், குளிரோ சூடோ கேள்வி இல்லை. மக்கில் இப்போது அவள் பொம்மை வாத்து குளிக்கிறது.

ஃப்ரீசரில் கடைசி ஒரு பை மிச்சம். பிப்ரவரி 11 என்று மனைவியின் கையெழுத்து. 6 மாதம் தாண்டி ஒன்பது நாள். ராத்திரி உருகவிட்டு, காலையில் பிரித்து முகர்ந்தேன். சோப்பு இல்லை. பால் வாசனை.

"சூடு பண்ணணுமா?" என்றாள்.

தெர்மாமீட்டரைத் தேடினேன். சின்னவள் அதைக் கடித்துக்கொண்டிருந்தாள்.